பேரேடு கணினிக்குக் குடிபெயரும்போது

தறியில் ஏறியிருந்த பாவு தீரும் தறுவாயில் நடைபெறும் வேலையை ஆரணிப் பகுதி நெசவாள அன்பர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. உழவராகிய அங்கத்தினர்களின் பொருட்டுச் சிறிது கூறுகிறேன். பழைய பாவை முற்றும் உருவியெறிந்துவிட்டுப் புதிய பாவைக் கோப்பது வழக்கமன்று. பழைய பாவின் நுனியிழைகள் விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே நிற்க, புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் அதற்குரிய பழைய இழையோடு விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். பட்டுப் பாவில் இவ்வாறு பிணைக்க வேண்டிய இழைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. வேலை செய்பவரின் கண் ஒரு கணம் அயர்ந்து, கரைக்குரிய இழைகள் சில உடலுக்குரிய இடத்திலும், உடலுக்குரியவை கரையிலும் பிணைக்கப்பட்டுவிட்டன என்று வைத்துக்கொள்வோம். இழை எதுவும் அறுந்திராது. எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கையும் குறைந்திராது. ஆயினும் சேலை கெட்டுவிடும்.

இதற்கு நிகரான வேலையொன்று இப்போது நம் சங்க அலுவலகங்களின் மேஜைமேல் வந்து சேர்ந்திருக்கிறது. நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் இசைவளித்தது. அப்போது மதிப்பிடப்பட்ட செலவு 2,516 கோடி ரூபாய். எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான மென்பொருள், கணினிக் கருவிகள், ஊழியர்க்குப் பயிற்சி ஆகியவற்றோடு, ஏற்கெனவே இருக்கும் பதிவுகளைக் கணினியில் ஏற்றுவதும் அத்திட்டத்தில் ஓர் அங்கமாகக் கூறப்பட்டது. திட்டத்தை நடத்தும் பொறுப்பு நபார்டு வங்கியிடம் விடப்பட்டது. தமிழ்நாட்டில் இத்தகைய சங்கங்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. நெசவாளர் சங்கங்கள் இத்திட்டத்தைச் சேர்ந்தவையல்ல. எனினும் நூல் இருப்பையும் கூலிக் கணக்கையும் கணினியில் வைக்க முற்படும் நெசவாளர் சங்கத்துக்கும் இக்கட்டுரையில் கூறப்படும் சிக்கல் பொதுவானதே.

கருவிகளைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியும் பேசுவோர் பலர் இருக்கிறார்கள். பதிவுகளை ஏற்றுவது என்ற அந்த ஓர் அங்கத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. "எழுத்தர் இருவரை அமர்த்தி, பேரேட்டைப் பார்த்துத் தட்டெழுதச் சொன்னால் முடிந்தது" என்று எண்ணுவாரும் உண்டு. என் அபிப்பிராயத்தில் அங்கத்தினரின் பணத்துக்கு ஆபத்து நேரக்கூடிய இடம் அதுவே.

நம் சங்கத்தின் கணக்கு ஒரே புத்தகத்தில் அடங்கியதன்று. அங்கத்தினர் பதிவேடு ஒன்று; பங்குத்தொகைப் பேரேடு ஒன்று; பயிர்க்கடன் பேரேடு, நகை ஈட்டுப் பதிவேடு, வைப்புத்தொகைப் பேரேடு, நில விவரம், ஜாமீன்தாரர் விவரம், வாரிசு நியமனம், ரசீதுக் கட்டுகள் என்று அலமாரி நிறைய இருக்கின்றன. இவற்றில் ஒரு புத்தகம் மற்றொன்றை நோக்கிக் கை நீட்டியவண்ணம் இருக்கிறது. கடன் பேரேட்டின் ஒரு பக்கத்தில் அங்கத்தினர் எண் 412 என்று எழுதியிருந்தால், அந்த எண்தான் அக்கடனை ஒரு மனிதரோடும், அம்மனிதரை அவருடைய நிலத்தோடும், அவர் கட்டிய ரசீதுகளோடும் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு. கயிறு அறுந்தால் கடன் இருக்கும், மனிதரும் இருப்பார், ரசீதும் இருக்கும். எது எவருடையது என்பதுதான் தெரியாது.

காகிதத்தில் இக்கயிறு முழுவதும் எழுத்திலே இருந்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாதி எழுத்தில் இருந்தது. பாதி எழுத்தரின் ஞாபகத்தில் இருந்தது. முப்பது ஆண்டுகள் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்த எழுத்தருக்கு, "மேற்படியார்" என்று எழுதியிருந்தால் அவர் யாரென்று தெரியும். "ஏரிக்கரை அண்ணாமலை" என்றால் யார், "மாட்டுத்தரகு அண்ணாமலை" என்றால் யார் என்றும் தெரியும். கணினிக்கு இந்த ஞானம் இல்லை.

அண்ணாமலை என்ற பெயரை எடுத்தது வேடிக்கைக்காக அன்று. அருணாசலேசுவரர் எழுந்தருளியிருக்கும் நம் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் அண்ணாமலைகளுக்கும் அருணாசலங்களுக்கும் குறைவில்லை; பெண்மக்களில் உண்ணாமுலைகளும் அப்படியே. ஒரே கிராமத்தில் கோவிந்தசாமி மகன் அண்ணாமலை இருவர் இருப்பதற்கும் தடையில்லை. அவர்களுள் ஒருவரை ஒரு புத்தகம் "கோ. அண்ணாமலை" என்னும், வேறொரு புத்தகம் "ஜி. அண்ணாமலை" என்னும்; மூன்றாவது புத்தகம் "அண்ணாமலை த/பெ கோவிந்தன்" என்று எழுதியிருக்கும். கணினி இவர்களை மூன்று மனிதர்களாகவே கொள்ளும். அன்றியும், உண்மையிலேயே வேறான இரண்டு அண்ணாமலைகளைப் பெயரொற்றுமை கருதி ஒருவராக்கினால் விபரீதம் இன்னும் பெரிது. ஒருவர் கட்டிய தவணை மற்றவர் கடனில் வரவாகும். ஆகவே பெயரைக் கொண்டு புத்தகங்களை இணைக்க முற்படுவது எவ்வூரிலும் தவறு; திருவண்ணாமலையில் பெருந்தவறு.

இது ஏதோ ஏட்டுச் சுரைக்காய் விவகாரமென்று எவரும் எண்ண வேண்டாம். 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரையில் அடகு வைத்துப் பெறப்பட்ட நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்ததை நாம் மறந்திருக்க முடியாது. அச்சலுகை கடன் ஒன்றுக்கு என்று இல்லை. குடும்பம் ஒன்றுக்கு என்று வகுக்கப்பட்டது. ஒரே குடும்பத்தார் பல சங்கங்களில் வைத்த நகைகளின் மொத்த எடை 40 கிராமுக்கு மேற்பட்டால் சலுகை இல்லை. அதற்காக 48 லட்சத்துக்கும் மேற்பட்ட நகைக்கடன்களின் விவரங்கள் கணினியில் ஆராயப்பட்டன. நகை எத்தனை கிராம் என்பது ஒரு பதிவேட்டில் இருக்கிறது. அதை வைத்தவர் யார் என்பது வேறொன்றில். அவர் எந்தக் குடும்ப அட்டையைச் சேர்ந்தவர் என்பது கூட்டுறவுக்கு அப்பாற்பட்ட மூன்றாவது ஏட்டில். இம்மூன்றையும் இணைத்த கயிறு சரியாக இருந்தால்தான் ஒருவர் தகுதியுடையவரா அல்லரா என்று தீர்ப்புக் கூற முடியும். குடும்ப அட்டை எண்ணில் ஓர் இலக்கம் பிசகி அண்டை வீட்டாரோடு சேர்க்கப்பட்ட ஒரு கடனை எண்ணிப் பாருங்கள். அவ்வேழை வைத்த நகை 16 கிராமாகவே இருக்கட்டும். பிறர் நகையின் பாரமும் அவர் தலையில் ஏறிவிடும்.

நிற்க. ஒன்றையொன்று சுட்டும் அட்டவணைகளாகக் கணக்கை வைப்பது என்ற இந்த முறைக்குக் கணினி உலகில் சாஸ்திரம் வகுத்தவர் எட்கர் காட் என்பவர். இங்கிலாந்தில் 1923-இல் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றி, பின்பு அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் கணித அறிஞராக இருந்தவர். 1970-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையிலிருந்துதான் இன்றைய வங்கிகள், ரயில்வே, மின்வாரியம் முதலியவற்றின் கணக்கு வைப்பு முறைகள் கிளைத்தன. அவர் கூறியதன் சாரம் நமக்குப் புதிதன்று. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுது. பிற இடங்களில் அதற்குரிய எண்ணை மட்டும் குறிப்பிடு என்பதே அது. அங்கத்தினரின் விலாசத்தை அங்கத்தினர் பதிவேட்டில் எழுதியபின், ஒவ்வொரு கடன் பக்கத்திலும் அதைத் திரும்ப எழுதுவானேன்? எண் போதும். பதிவேட்டில் ஒருவருக்கு மட்டுமே உரிய எண்ணைப் 'பிரைமரி கீ' என்றும், பிற புத்தகங்களில் அதைச் சுட்டி எழுதும் எண்ணைப் 'பாரின் கீ' என்றும் கணினித் துறையினர் வழங்குவர். பெயர் எதுவாயினும் ஆகுக. நாம் அங்கத்தினர் எண், பேரேட்டுப் பக்கம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவந்ததே அது.

இனி, ஏற்றும் முறைக்கு வருவோம். முதல் விதி வரிசை பற்றியது. எதனைப் பிறர் சுட்டுகிறார்களோ அது முன்னே செல்ல வேண்டும். கிராமங்களின் பட்டியல் முதலில். அக்கிராமங்களைச் சுட்டும் அங்கத்தினர் அடுத்து. அங்கத்தினரைச் சுட்டும் நிலம், பங்குத்தொகை, கடன் ஆகியவை பின்னர். கடனைச் சுட்டும் தவணைகளும் ரசீதுகளும் கடைசியில். அங்கத்தினர் 412 கணினியில் இல்லாதபோது அவருடைய கடனை ஏற்ற முயன்றால், ஒழுங்கான மென்பொருள் "அப்படி ஒருவர் இல்லை" என்று மறுத்துவிடும். இந்த மறுப்பைக் கண்டு ஊழியர் எரிச்சலடைவது இயல்பு. அந்தச் சோதனையை நிறுத்திவைத்துவிட்டு எல்லாவற்றையும் உள்ளே தள்ளும் வசதியும் பல மென்பொருள்களில் இருக்கிறது. அவசரத்தில் அதைச் செய்தவர்கள் பிற்பாடு மாதக்கணக்கில் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள். மறுப்பது தடை அன்று. வாசலில் நிற்கும் காவலாளி.

இவ்வரிசை எளிதுதான், ஆனால் அதற்குள் அடங்காத சங்கதி ஒன்று உண்டு. ஜாமீன் கொடுப்பவரும் ஓர் அங்கத்தினரே அல்லவா? அண்ணாமலையின் கடனுக்கு ஏழுமலை ஜாமீன். ஏழுமலையின் கடனுக்கு அண்ணாமலை ஜாமீன். இவ்வாறு ஒருவருக்கொருவர் கையெழுத்திடுவது நம் கிராமங்களில் சர்வ சாதாரணம். அங்கத்தினர் பட்டியலிலேயே "ஜாமீன்தாரர்" என்று ஒரு கட்டம் வைத்துக்கொண்டு ஏற்றினால் யாரை முதலில் ஏற்றுவது? அண்ணாமலை செல்ல ஏழுமலை வேண்டும். ஏழுமலை செல்ல அண்ணாமலை வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கும் உபாயம் இதுதான்: முதற்சுற்றில் ஜாமீன் கட்டத்தை வெறுமையாக விட்டு எல்லா அங்கத்தினரையும் ஏற்றிவிடுவது, யாவரும் உள்ளே சென்றபின் இரண்டாம் சுற்றில் அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்புவது. இரண்டாம் சுற்றை மறந்துவிட்டால் ஜாமீன் என்ற ஒன்றே சங்கத்தில் இல்லாததுபோலப் புதிய கணக்கு காட்டும். கடன் வாங்கியவருக்கு அதனால் நஷ்டமில்லை, சங்கத்துக்கு உண்டு.

கூட்டுப் பட்டா மற்றொரு வகை. ஒரு புல எண்ணில் சகோதரர் மூவருக்கு உரிமை. மூத்தவருக்கு அதைத் தவிர வேறு இரண்டு புலங்களும் உண்டு. ஒருவருக்குப் பல நிலம், ஒரு நிலத்துக்குப் பலர். இதை அங்கத்தினர் ஏட்டில் எழுதவும் முடியாது, நில ஏட்டில் எழுதவும் முடியாது. நடுவே மூன்றாவதாக ஓர் ஏடு வேண்டும். அதில் இன்ன அங்கத்தினர், இன்ன புலம், இவ்வளவு பங்கு என்ற மூன்று செய்திகள் மட்டும் இருக்கும். பழைய கணினிகளில் இடம் போதாமல் "1003, 1017, 1044" என்று மூவர் எண்களையும் ஒரே கட்டத்தில் நெருக்கி எழுதியிருப்பார்கள். அதை அப்படியே ஏற்றினால் மூவரில் எவரும் அந்நிலத்துக்கு உரியவராகக் கணினிக்குத் தோன்றமாட்டார். பிரித்து எழுதியே ஏற்ற வேண்டும்.

நெசவாளர் சங்கத்தில் இது வேறு வடிவம் கொள்கிறது. பட்டு நூலும் ஜரிகையும் எடை போட்டு அங்கத்தினருக்குக் கொடுக்கிறோம். சேலை திரும்பி வரும்போது அதன் எடையைப் பார்த்து, எந்தப் பாவுக்குரியது என்று குறித்து, குறைவு இருப்பின் கழித்துக் கூலி தருகிறோம். கூலியில் சேமிப்பு நிதிக்கு ஒரு பகுதி பிடிக்கிறோம். அங்கத்தினர், தறி, பாவு வழங்கல், சேலை வரவு, கூலி, சேமிப்பு என்று சங்கிலிபோல ஆறு கண்ணிகள். இவற்றை ஏற்றும்போது இரண்டு நெசவாளர்களின் பாவு எண்கள் தம்முள் மாறிவிட்டால் என்ன நேரும்? ஒருவருக்கு நூல் குறைவு என்று காட்டும்; மற்றவருக்கு மிச்சம் என்று காட்டும். சங்கத்தின் மொத்த நூல் இருப்போ ஒரு கிராமும் பிசகாமல் பொருந்தியிருக்கும். தணிக்கையாளர் மொத்தத்தை மட்டும் பார்த்தால் கையெழுத்திட்டுச் சென்றுவிடுவார். குறைந்த கூலியை வாங்கிச் சென்ற நெசவாளர்தான் இரவு முழுதும் யோசிப்பார், தாம் எங்கே நூலை வீணாக்கினோம் என்று.

எண்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. புதிய மென்பொருள் பெரும்பாலும் தானாகவே ஒரு புது எண்ணை ஒவ்வொரு பதிவுக்கும் கொடுக்கும். நேற்றுவரை 412-ஆக இருந்தவர் இன்று 90,317 ஆகிவிடுவார். ஆனால் ரசீதுக் கட்டுகளில் இருப்பதெல்லாம் 412 அல்லவா? எனவே பழைய எண்ணை ஒரு தனிக் கட்டத்தில் காப்பாற்றி வைத்து, இதற்கு இது என்ற ஒப்பீட்டுப் பட்டியலைக் கொண்டுதான் மற்ற ஏடுகளை ஏற்ற வேண்டும். சிறு சங்கங்கள் இரண்டு மூன்று ஒன்றாக இணைந்து உருவான சங்கமாயின் ஒவ்வொன்றிலும் ஓர் அங்கத்தினர் எண் 1 இருப்பார். அங்கே எண்ணுக்கு முன்னால் பழைய சங்கத்தின் குறியெழுத்தைச் சேர்த்துக்கொள்ளாவிடில் இரண்டு மனிதர்கள் ஒரே எண்ணில் மோதிக்கொள்வார்கள்.

பழைய பதிவை அழித்துப் புதிய இடத்தில் எழுதும் வேலையில் நம் முன்னோர் காட்டிய எச்சரிக்கையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர் இவர், அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் இவர், நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் இவ்வளவு என்று கோயில் சுவர்களில் வெட்டிய கல்வெட்டுக்களும் ஒன்றோடொன்று பிணைந்த கணக்கு ஏடுகளே. திருப்பணியின்போது சுவரைப் பிரிக்க வேண்டி வந்தால், இருந்த கல்வெட்டைப் படியெடுத்துவைத்துப் புதிய சுவரில் திரும்ப வெட்டிய கோயில்கள் தமிழ்நாட்டில் உண்டு. அவ்வாறு வெட்டியதைப் "பழங்கற்படி" என்று குறித்தும் வைத்தார்கள். இது மூலம் அன்று, பழைய கல்லின் படி என்று பின்வருவோர் அறிய வேண்டுமென்பது கருத்து. அத்தகைய கவனமின்றிக் கற்களைத் தாறுமாறாக அடுக்கிய இடங்களும் உள்ளன. அங்கே எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கும். கொடுத்தவர் ஒரு கல்லில், நிலம் வேறொரு சுவரில்.

மீண்டும் அலுவலகத்துக்கு வருவோம். பதிவுகளை ஏற்றுமுன் எக்ஸெல் என்னும் அட்டவணை மென்பொருளில் அடுக்கிக்கொள்வது பரவலான வழக்கம். அது கெட்டிக்கார வேலையாள். ஆனால் சொல்லாததையும் செய்யும். 000412 என்று எழுதினால் முன்னிருக்கும் சுன்னங்களை உதறிவிட்டு 412 என்று வைத்துக்கொள்ளும். ஓர் ஏட்டில் 000412, மற்றோர் ஏட்டில் 412 என்றால் இரண்டும் ஒட்டா. பதினைந்து இலக்கத்துக்கு மேல் அது எண்ணை முழுமையாக வைத்திராது. 16 இலக்க வங்கிக் கணக்கெண்ணை எழுதினால் கடைசி இலக்கம் சுன்னமாகிவிடும். எல்லாவற்றிலும் விசித்திரமானது புல எண் விவகாரம். 12/3 என்று உட்பிரிவோடு எழுதினால் அதை மார்ச் மாதம் 12-ஆம் தேதி என்று அது அர்த்தம் செய்துகொள்ளும். உழவரின் நிலம் நாள்காட்டிக்குள் போய்விடும். இதே தொல்லையால், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் உலகக் குழுவினர் 'மார்ச் 1', 'செப்ட் 1' என்பன போன்ற பெயர்களையே மாற்றிவிட்டனர் என்ற செய்தி 2020-இல் வந்தது. விஞ்ஞானிகள் பெயரை மாற்றலாம். நாம் புல எண்ணை மாற்ற முடியாது. எழுதுமுன் அக்கட்டங்களை "எழுத்து" என்று குறித்துவிட வேண்டும், அதுவே பரிகாரம்.

அதே 2020-இல் இங்கிலாந்தில் நேர்ந்ததையும் கூறிவிடுகிறேன். கொரோனா நோயாளிகளின் பட்டியலை அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் பழைய வகை எக்ஸெல் கோப்பில் வாங்கிச் சேர்த்தனர். அக்கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சப்தமின்றி விழுந்துபோயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 பேர் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் தாமதமாயிற்று.

நமக்கே உரிய தொல்லை எழுத்துருவைப் பற்றியது. பழைய கணினிகளில் 'வானவில்' போன்ற எழுத்துருக்களில் தட்டெழுதிய பெயர்கள் அந்த எழுத்துரு உள்ள இடத்தில்தான் தமிழாகத் தெரியும்; வேறிடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகவே காணும். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. அதற்கு முற்பட்ட கோப்புக்களை மாற்றியபின்னரே ஏற்ற வேண்டும். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி 'கோ' என்பது 'கே' ஆனாலும், கோவிந்தசாமி கேவிந்தசாமியாகிவிடுவார். பெயரை நம்பாமல் எண்ணை நம்ப வேண்டுமென்று முன்னே கூறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏற்றியாயிற்று, சரியாக ஏறியதென்று எவ்வாறு அறிவது? பதிவுகளின் எண்ணிக்கை இருபுறமும் ஒத்திருக்கிறதா, நிலுவைத் தொகையின் கூட்டல் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது முதற்படி. ஒரு குறித்த தேதியில் பழைய ஏட்டை முடித்து, அந்நாளின் இருப்பையே புதிய ஏட்டின் தொடக்கமாகக் கொண்டால்தான் இவ்வொப்பீடு கைகூடும். ஆனால் பாவு எண் உதாரணத்தில் கண்டதுபோல் மொத்தம் பொருந்துவது போதிய சாட்சி ஆகாது. இரண்டாவதாக, அநாதைகளைத் தேட வேண்டும். அதாவது, அங்கத்தினர் இல்லாத கடன், கடன் இல்லாத ரசீது, தறி இல்லாத பாவு ஆகியவற்றைத் தனியே எடுத்துக் காட்டுமாறு கணினியைக் கேட்க வேண்டும். இந்தப் பட்டியல் வெறுமையாக வந்தால் நல்லது. பெரும்பாலும் வராது. காலமானவர்களையும் சங்கத்தை விட்டு விலகியவர்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அவர்களுடைய நிலுவைகளை மட்டும் வைத்திருப்போம். அப்படிப்பட்டவர்களைச் "செயலில் இல்லை" என்று குறித்து வைக்கலாமேயன்றி நீக்கலாகாது. சில மென்பொருள்களில் ஓர் அங்கத்தினரை நீக்கினால் அவரைச் சுட்டும் கடனும் ரசீதும் அவரோடு கூடவே அழிந்துவிடும்படி அமைத்திருப்பார்கள். உடன்கட்டை ஏறுவதைப் போன்ற இந்த ஏற்பாடு கடன் சங்கத்துக்கு உதவாது.

மூன்றாவது சோதனை, இருபது அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுத்து அவர்களுடைய கணக்கைத் தலை முதல் கால் வரை பழைய ஏட்டோடு ஒப்பிடுவது. சிக்கலற்ற இருபது பேரைத் தேர்ந்தெடுத்தால் பயனில்லை. கூட்டுப் பட்டாக்காரர், பரஸ்பர ஜாமீன் கொடுத்தவர், இரண்டு அண்ணாமலைகள், காலமான ஒருவர், பழைய சங்கத்திலிருந்து வந்தவர் ஆகியோரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இவ்வளவும் ஒரு நகலின்மீது நடக்க வேண்டும். திருப்தி ஏற்பட்டபின்னரே உண்மையான ஏற்றம். பணமும் ஆட்பலமும் மிகுந்தவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் டி.எஸ்.பி. என்ற வங்கி சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு ஒரே வார இறுதியில் மாற்றியது. திங்களன்று லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தனர். சிலர் திரையில் பிறருடைய கணக்கு தெரிந்ததாகவும் புகார் வந்தது. 2022 டிசம்பரில் அந்நாட்டுக் கண்காணிப்பு அமைப்புக்கள் விதித்த அபராதம் ஏறக்குறைய 4 கோடியே 86 லட்சம் பவுன்.

நம்மிடம் அந்த வங்கிக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. நம் சங்கத்தின் உரிமையாளரும் வாடிக்கையாளரும் ஒருவரே. அவர் பெரும்பாலும் சைக்கிள் தொலைவிலேயே இருக்கிறார். ஏற்றிய கணக்கைத் தாளில் அச்சிட்டு, கிராமம் கிராமமாக, சாவடியிலோ பள்ளித் திண்ணையிலோ உட்கார்ந்து அங்கத்தினர்க்குப் படித்துக் காட்டினால், கணினி கண்டுபிடிக்காததை அவர் கண்டுபிடிப்பார். "இந்த நிலம் என் தம்பியுடையது," "இவர் எனக்கு ஜாமீன் போட்டதே இல்லை," "மாசி மாதம் கட்டிய தவணை எங்கே?" என்று கேட்கப் போகிறவர் அவர்தாம். இதற்குச் சில நாட்கள் செலவாகும் என்று நிர்வாகக் குழுவினர் தயங்கலாம். ஒரே ஒரு தவறான ஜப்தி நோட்டீசினால் விளையும் மனக்கசப்பைத் தீர்க்க அதைவிட அதிக நாட்கள் ஆகும்.

ஆகவே அங்கத்தினர் தம் சங்கத்துக்குச் செல்லும்போது பழைய பாஸ் புத்தகத்தையும் கடைசியாகக் கட்டிய ரசீதையும் எடுத்துச் சென்று, புதிய கணக்கின் அச்சுப் பிரதியொன்றைக் கேட்டு வாங்குங்கள். நிலுவைத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். பழைய எண் குறிக்கப்பட்டிருக்கிறதா, புல எண்ணும் உட்பிரிவும் பட்டாவில் உள்ளபடி இருக்கின்றனவா, வாரிசாக நீங்கள் எழுதிக்கொடுத்தவர் பெயர் உங்கள் கணக்கிலேயே இருக்கிறதா, ஜாமீன்தாரர் நீங்கள் அறிந்தவர்தாமா என்று பாருங்கள். நெசவாளர் அன்பர்கள் கையிலிருக்கும் பாவின் எண்ணையும் நூல் எடையையும் சேமிப்பு நிதியின் இருப்பையும் ஒப்பிடுங்கள். பிசகு தென்பட்டால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். காரியதரிசிகளுக்கு ஒரு விண்ணப்பம்: பழைய பேரேடுகளைப் புதிய கணக்கு தணிக்கை முடிந்து நிலைபெறும்வரை பரண்மேல் போட்டுவிடாமல், கைக்கெட்டும் அலமாரியிலேயே, கரையான் அண்டாதபடி வைத்திருங்கள். கேள்வி வரும் நாளில் முதலில் தேடப்போவது அவற்றைத்தான்.